மழை எங்கயோ, தண்ணி இங்க: ஆன்டிலோப் கேன்யன் போய் வந்த கதை

பினாங்குல வளர்ந்த எங்களுக்கு பாறைன்னா கருங்கல்தான். தண்ணீர்மலை முருகன் கோயில் படி ஏறும்போது கண்ணுல படறது, பத்து ஃபெரிங்கி கடலோரத்துல பெருசு பெருசா உருண்டு கிடக்கறது, பினாங்கு ஹில், எல்லாம் கிரானைட்தான். கெட்டியா இருக்கும், மழை பட்டா கருப்பா மின்னும், தாத்தா பார்த்த பாறைய பேரனும் அப்படியே பார்க்கலாம்னு ஒரு நம்பிக்கை குடுக்கும். ஆகஸ்ட் கடைசியில அரிசோனாவுல நான் பார்த்தது அந்த ஜாதியே இல்ல. நிக்கற இடத்துலயே காதுல கேக்கற மாதிரி மெல்ல மணல் உதிருது, சுவர் நேராவே நிக்க மாட்டேங்குது, வளைஞ்சு நெளிஞ்சு மேல போய் எங்கயோ வானத்த ஒரு கோடா மட்டும் விட்டு வச்சிருக்கு. பார்த்துட்டு வந்ததுல இருந்து வீட்டுல இதப் பத்தியேதான் பேசிட்டு இருக்கேன், அதான் மறக்கறதுக்கு முன்னாடி எழுதி வச்சிடறேன்.

அக்காவும் அத்தானும் அமெரிக்காவுல, அரிசோனா மாநிலத்து சான்ட்லர் ஊர்ல இருக்காங்க. பாயான் லெப்பாஸ் பக்கம் வேலை செய்யறவங்க வீட்டுல அரிசோனாங்கிற பேர் ஒண்ணும் புதுசு இல்ல, 1972ல கம்ப்யூட்டர் சிப் பண்ற இன்டெல் கம்பெனி பினாங்குல ஃபேக்டரி தொறந்தாங்க, அவங்களுக்கு சான்ட்லர்லயும் பெரிய ஃபேக்டரி இருக்கு, அதனால ட்ரெய்னிங்னும் ட்ரான்ஸ்ஃபர்னும் இங்கேருந்து போறவங்க உண்டு. அத்தானும் அப்படிப் போனவர்தான். அம்மாவுக்குப் பேரனப் பார்க்கணும், எனக்கு அந்தக் கேன்யன, அதான் தண்ணி அறுத்து உண்டாக்கின பாறை இடுக்கப் பார்க்கணும். ஆன்டிலோப் கேன்யன்ங்கிற பேர் தெரியாதவங்க கூட அந்தப் படத்தப் பார்த்திருப்பீங்க, ஆரஞ்சுக் கலர்ல பாறை ரெண்டு பக்கமும் வளைஞ்சு நிக்கும், நடுவுல மேலேருந்து ஒரே ஒரு வெளிச்சம் நேரா தரைக்கு எறங்கும், பல் டாக்டர் கிளினிக் சுவர்ல கூட மாட்டி வச்சிருப்பாங்க, அதேதான்.

ஃபீனிக்ஸ் பக்கத்துலேருந்து வடக்க போகணும், காடியில நாலரை மணி நேரத்துக்குக் கிட்ட ஆகும். அந்த ரோட்டப் பத்தியே தனியா ஒண்ணு எழுதலாம். கிளம்பும்போது ரெண்டு பக்கமும் ஆள் உயரத்துக்கு மேல கள்ளிச்செடி, வெயில் கொளுத்துது, அப்புறம் மலை ஏற ஏற கள்ளி காணாமப் போய் ஃப்ளாக்ஸ்டாஃப் வரும்போது பைன் மரக்காடு, கடல் மட்டத்துலேருந்து 2,100 மீட்டர் உயரம், காடி கண்ணாடிய எறக்கினா குளுகுளுன்னு காத்து, அம்மா உடனே ஸ்வெட்டர் கேட்டாங்க. அதத் தாண்டி எறங்கினா மரமே இல்ல, செவப்பு மண்ணு, செவப்பு மலை, கண்ணுக்கு எட்டின தூரம் வரைக்கும் வீடு கிடையாது. அங்கேருந்து அமெரிக்காவோட பூர்வகுடிகளான நவாஹோ மக்களோட நிலம் ஆரம்பிக்குது. ரோட்டோரமா பலகையில கடை போட்டு டர்காய்ஸ் கல்லு வச்ச நகை விக்கறாங்க, அம்மா ஒரு ஜோடி தோடு பேரம் பேசாமயே வாங்கினாங்க, அது எங்க வீட்டுல சரித்திரம்.

ஒரு விஷயம் இங்கயே சொல்லிடறேன், போறவங்களுக்கு உதவும். அரிசோனாவுல கோடை காலத்துல கடிகாரத்த ஒரு மணி நேரம் தள்ளி வைக்கற பழக்கம் இல்ல, ஆனா நவாஹோ நிலத்துக்குள்ள அந்தப் பழக்கம் இருக்கு. அதனால போற வழியிலயே ஹேண்ட்போன் தன்னால ஒரு மணி நேரம் முன்னாடி குதிக்கும், கேன்யனுக்குப் பக்கத்துல இருக்கற பேஜ் ஊருக்குள்ள வந்ததும் திரும்பப் பின்னாடி வரும். கேன்யன் நவாஹோ நிலத்துல இருந்தாலும் டூர் எல்லாம் பேஜ் ஊர் நேரப்படிதான் ஓடுது. அத்தான் கையில பழைய கைக்கடிகாரம் கட்டிட்டு வந்திருந்தார், அதுதான் எங்களுக்கு உதவுச்சு.

பேஜ் சின்ன ஊரு. 1957ல க்ளென் கேன்யன் அணை கட்ட வந்த தொழிலாளிங்களுக்காக உருவாக்கின ஊரு அது, அதுக்கு முன்னாடி அங்க வெறும் மேட்டு நிலம்தான். இப்போ ஹோட்டலும் டூர் ஆபிஸும் வரிசையா இருக்கு, வர்றவங்கள்ல நிறைய பேரு இந்தக் கேன்யனுக்காகத்தான் வர்றாங்க. கேன்யன்ல ரெண்டு பகுதி, அப்பர், லோவர்னு சொல்றாங்க. ரெண்டையும் அறுத்தது ஒரே ஓடைதான், மேல அப்பர் வழியா வந்து, சில மைல் கழிச்சு லோவர் வழியா போய், கடைசியில அந்த அணை தேக்கின பவல் ஏரியில கலக்குது. ஓடைன்னு சொன்னாலும் வருஷத்துல முக்கால்வாசி நாள் அதுல சொட்டுத் தண்ணி இருக்காது, மணல்தான்.

நாங்க மொதல்ல லோவர் போறதா டிக்கெட் எடுத்திருந்தோம், மத்தியானத்துக்கு மேல. போய் நின்னா வானம் நீலமா இருக்கு, வெயில் மண்டையப் பொளக்குது, ஷெட்டுக்குக் கீழ ஒரு நாப்பது அம்பது பேரு வரிசையில உக்காந்திருக்காங்க. கொஞ்ச நேரத்துல ஒரு கைடு வந்து இன்னைக்கு யாரையும் எறக்க மாட்டோம், டூர் ரத்துன்னு சொல்லிட்டாங்க. கூட்டத்துல சலசலப்பு. ஒருத்தர் வானத்தக் காட்டி எங்க மழைன்னு கேக்கறார். அந்தக் கைடு, ஒரு முப்பது வயசு இருக்கும், நவாஹோ பொண்ணு, கோபமே படாம தெற்குப் பக்கம் கைய நீட்டினாங்க. அங்க ரொம்ப தூரத்துல, அடிவானத்துல, மேகம் கருத்துப் போய் அதுக்குக் கீழ சாம்பல் நிறத்துல மழை தொங்கிட்டு இருக்கறது தெரிஞ்சுச்சு. அந்தப் பக்கம்தான் இந்த ஓடை ஆரம்பிக்குதுன்னு சொன்னாங்க. அவ்வளவுதான், அதுக்கு மேல பேச்சே இல்ல.

1997 ஆகஸ்ட் 12ஆம் தேதி இதே லோவர் கேன்யன்ல 11 பேரு செத்துப் போனாங்க. சுத்திப் பார்க்க வந்தவங்க, பிரான்ஸ்காரங்கதான் நிறைய. அன்னைக்கும் கேன்யன் இருக்கற இடத்துல சொல்லிக்கற மாதிரி மழையே இல்ல. பல மைல் தள்ளி இடியோட கொட்டின மழை, காஞ்சு கெட்டிப்பட்ட தரையில ஊறாம அப்படியே வழிஞ்சு, ஓடையில சேர்ந்து, இந்த ஒடுக்கமான இடுக்குல நுழைஞ்சப்போ உள்ள இருந்தவங்களுக்கு ஏறித் தப்பிக்க நேரமே இல்ல. அவங்களோட வந்த வழிகாட்டி ஒருத்தர் மட்டும் பிழைச்சார். அப்போ உள்ள எறங்கறதுக்கு மர ஏணிதான் வச்சிருந்தாங்க, தண்ணி அதையும் சேர்த்து அடிச்சிட்டுப் போயிடுச்சு. இப்போ பாறையில போல்ட் அடிச்ச இரும்பு ஏணி, மேலேருந்து கீழ வீசற வலை, வானிலை ரேடியோ, அபாயச் சங்கு எல்லாம் இருக்கு, கைடு இல்லாம ஒருத்தரும் உள்ள போக முடியாது.

இதக் கேட்டப்போ எனக்கும் அக்காவுக்கும் ஒரே நேரத்துல ஞாபகம் வந்தது தித்தி ஹயூன். பினாங்குக்காரங்களுக்குத் தெரியும், தெரியாதவங்களுக்காகச் சொல்றேன், கெடாவுல யான் பக்கத்துல குனுங் ஜெராய் அடிவாரத்துல இருக்கற குளிக்கற இடம், லீவு நாள்ல குடும்பம் குடும்பமா சோறு கட்டிட்டுப் போவோம். 2021 ஆகஸ்ட்ல ஜெராய் மலை மேல பெய்ஞ்ச மழையில கெப்பாலா ஆயர், அதான் மேலேருந்து திடீர்னு பாய்ஞ்சு வர்ற வெள்ளம், வந்து மரமும் பாறையும் சேறுமா எறங்கி அந்த இடத்தையே பொரட்டிப் போட்டுச்சு, உயிரும் போச்சு. சின்ன வயசுல ஆத்துல எறங்கும்போது மாமா ஒருத்தர் கரையிலயே உக்காந்து தண்ணியோட கலரப் பார்த்துட்டே இருப்பார், கலங்கல் வந்தாலோ எலை தழை திடீர்னு நிறைய மிதந்து வந்தாலோ ஏறுங்கடான்னு கத்துவார், நாங்க அழுதுட்டே ஏறுவோம். மேல மழை, கீழ வெயில், நடுவுல தண்ணி. பூமிக்கு அந்தப் பக்கம் பாலைவனத்துல இருக்கற ஒரு பொண்ணு நம்ம மாமா பார்க்கறதையேதான் பார்க்கறாங்க. எங்க அம்மா அந்தக் கைடு கையப் பிடிச்சு தேங்க்யூ தேங்க்யூன்னு சொன்னாங்க, டூர் ரத்தானதுக்கு நன்றி சொன்ன ஒரே ஆள் அவங்கதான்னு நினைக்கறேன்.

அன்னைக்கு சாயங்காலம் ஹார்ஸ்ஷூ பென்ட் போய்ட்டு வந்தோம், கொலராடோ ஆறு 300 மீட்டர் கீழ லாடம் வடிவுல வளைஞ்சு ஓடற இடம். அழகுதான், கூட்டமும் அப்படித்தான். அதுக்கு மேல அதப் பத்தி எழுத எனக்கு ஒண்ணும் இல்ல.

மறுநாள் வானம் சுத்தமா வெளுத்திருந்துச்சு, காலையில லோவர், மத்தியானம் அப்பர்னு மாத்திக் குடுத்தாங்க. லோவருக்கு அம்மா வரல, முட்டி வலி, அத்தானோட மேலயே உக்காந்துட்டாங்க. நானும் அக்காவும் அக்கா பையனும் எறங்கினோம்.

எறங்கற வரைக்கும் அங்க ஒரு கேன்யன் இருக்குன்னே தெரியாது. தரைதான் இருக்கு, தட்டையான செவப்புப் பாறை, அதுல ஒரு வெடிப்பு, அவ்வளவுதான். அந்த வெடிப்புக்குள்ள செங்குத்தா இரும்புப் படி எறங்குது, முகத்தப் பாறைப் பக்கம் திருப்பிக்கிட்டு ரெண்டு கையாலயும் பிடிச்சுக்கிட்டு எறங்கணும். கீழ கால வச்சதும் வெயில் சத்தம் காத்து எல்லாம் மேலயே நின்னு போச்சு. உள்ள குளிர்ச்சி. மேல ஒடுக்கமா இருக்கும்னு பார்த்தா லோவர்ல மேல அகலம், கீழதான் ஒடுக்கம், சில இடத்துல ஒரு கால் வைக்கற அளவுதான் தரை, உடம்ப ஒருக்களிச்சுத்தான் போகணும், அதனாலதான் பையே கொண்டு வராதீங்கன்னு சொல்லிடறாங்க. அப்பர்ல நேர் தலைகீழ், கீழ அகலம், மேல ஒடுக்கம்.

இப்போ அந்தச் சுவரப் பத்திச் சொல்லணும், ஏன்னா ஃபோட்டோவுல எல்லாரும் வளைவப் பார்க்கறாங்க, கோட்டப் பார்க்கறது இல்ல. கிட்டப் போய் மூக்கு படற தூரத்துல நின்னு பாருங்க. சுவர் முழுக்க மெல்லிசு மெல்லிசா கோடு ஓடும், விரல் அகலத்துக்கு ஒண்ணு, அதுலயும் பாதியா ஒண்ணு, எல்லாம் ஒரே பக்கமா சாய்ஞ்சு. கொஞ்சம் மேல போனா அந்த அடுக்கு டக்குனு நின்னு, அதுக்கு மேல வேற அடுக்கு வேற பக்கமா சாய்ஞ்சு ஓடும். ரோட்டி சானாய தட்டுல போடறதுக்கு முன்னாடி ரெண்டு கையாலயும் பக்கவாட்டுல தட்டுவாங்கல்ல, அப்போ அடுக்கு அடுக்கா பிரிஞ்சு நிக்கும், அப்படி. அந்த ஒவ்வொரு சாய்வும் ஒரு மணல்மேட்டோட சரிவு. சுமார் 19 கோடி வருஷத்துக்கு முன்னாடி, ஜுராசிக் காலத்துல, இந்த இடம் மாபெரும் மணல் பாலைவனமா இருந்துச்சு. காத்து மணலத் தள்ளித் தள்ளி மேட்டு மேல ஏத்தும், உச்சிக்குப் போனதும் மறுபக்கம் சரிஞ்சு விழும், அந்தச் சரிவு மேல இன்னொரு சரிவு, அது மேல இன்னொண்ணு. கோடு எந்தப் பக்கம் சாய்ஞ்சிருக்கோ அந்தப் பக்கமாதான் அன்னைக்குக் காத்து மணலத் தள்ளியிருக்கு. காத்து எந்த திசையில அடிச்சுச்சுன்னு 19 கோடி வருஷம் கழிச்சு பினாங்குலேருந்து வந்த ஒரு ஆளு பார்த்துச் சொல்ல முடியுது, இதவிட எனக்கு என்ன வேணும். அப்புறம் அந்த மணல் மேல வேற வேற மண்ணு வந்து மூடி, அழுத்தி, நிலத்தடித் தண்ணியில இருந்த சுண்ணாம்புச் சத்து மணலுக்கு மணல் ஒட்ட வச்சு கல்லாச்சு. நவாஹோ மணற்கல்லுன்னு அதுக்குப் பேர். செவப்பு வந்தது இரும்புத் துருவால.

கல்லு அப்படி வந்துச்சு, இடுக்கு எப்படி வந்துச்சுன்னா அங்கதான் மறுபடி தண்ணி. நம்ம ஊர்ல ஈப்போ பக்கம் நெடுஞ்சாலையில போகும்போது தெரியற மலையெல்லாம் சுண்ணாம்புக்கல்லு, அதுக்குள்ள குகை வர்றது வேற விதம், மழைத்தண்ணி லேசா புளிப்பேறி கல்லையே கரைச்சு எடுத்துட்டுப் போகும், மெதுவா, சொட்டுச் சொட்டா. இங்க கரைக்கறத விட தேய்க்கறதுதான் வேலை. பாறையில ஏற்கனவே இருந்த வெடிப்புல வெள்ளம் நுழையும், அந்த வெள்ளத்துல மணலும் கூழாங்கல்லும் மரக்கட்டையும் கலந்திருக்கும், ஒடுக்கமா இருக்கறதால வேகம் கூடும், சுழலும், சுழல்ற தண்ணியில இருக்கற மணல் சுவர உப்புத்தாள் போடற மாதிரி போட்டுத் தள்ளும். அதனாலதான் சுவர் முழுக்க சுழிச்ச அடையாளம், ஒரு இடத்துல கூட கூர்மையான முனை கிடையாது. கவனிச்சீங்கன்னா வேடிக்கை ஒண்ணு இருக்கு, கல்லா இருக்கறதும் மணல், கல்ல அறுக்கறதும் மணல். பாறை உதிர்ந்து அதுவே அடுத்த வெள்ளத்துக்கு ஆயுதமாப் போகுது. நாங்க மேல வந்ததும் அத்தான், இந்த மணல் எல்லாம் குவார்ட்ஸ், சிலிக்கானும் ஆக்சிஜனும்தான், நான் தினம் ஃபேக்டரியில தொடற, சிப் பண்ற தகடு, அந்த வேஃபருக்கும் மூலம் இதே சிலிக்கான்தான்னு ஒரு குட்டி லெக்சர் குடுத்தார், அவர் முகத்துல அவ்வளவு சந்தோஷத்த நான் பார்த்ததே இல்ல.

பாதி வழியில அக்கா பையன் நின்னு மேல காட்டினான். சித்தி அங்க பாருங்க மரம். நெசமாவே எங்க தலைக்கு மேல, ரெண்டு ஆள் உயரத்துக்கும் கூட இருக்கும், ரெண்டு சுவருக்கும் குறுக்கால ஒரு கட்டை சிக்கிட்டு நிக்குது. பட்டை உரிஞ்சு வெளுத்து, முனையில காஞ்ச புல்லு சுத்திக்கிட்டு. யாரும் அத அங்க கொண்டு போய் வைக்கல. தண்ணி அந்த உயரத்துல ஓடியிருக்கு, கட்டைய வச்சிட்டு வடிஞ்சிருக்கு. நான் நின்ன இடத்துலேருந்து அந்தக் கட்டை வரைக்கும் நடுவுல இருந்த காத்து முழுக்க ஒரு நாள் கலங்கல் தண்ணியா இருந்திருக்கு. முன்னாடி நாள் கேட்ட 1997 கதை எனக்கு அப்பதான் முழுசாப் புரிஞ்சுச்சு. பையன் கைடுகிட்ட தண்ணி வந்தா எங்க ஏறறதுன்னு கேட்டான், அவங்க சிரிக்காம, அவன் உயரத்துக்குக் குனிஞ்சு, ஏணி எங்கெங்க இருக்கு, வலை எங்கேருந்து விழும், சங்கு ஊதினா எந்தப் பக்கம் போகணும்னு ஒண்ணொண்ணா காட்டினாங்க. பெரியவங்க நாங்க யாரும் அதக் கேக்கல.

வெளிய வர்றது இன்னும் அதிசயம். கடைசி படி ஏறி, பாறை வெடிப்புலேருந்து ஒவ்வொருத்தரா தரைக்கு மேல தலைய நீட்டி வெளிய வர்றாங்க, பத்தடி தள்ளி நின்னு பார்த்தா பூமிக்குள்ளேருந்து மனுசங்க முளைச்சு வர்றாங்க. பையன் இன்னொரு தடவை எறங்கி ஏறலாமான்னு கேட்டான்.

மத்தியானம் அப்பர். இதுக்குத்தான் அம்மாவ கூட்டிட்டுப் போனோம். மணல் ஓடையிலயே வண்டியில கூட்டிட்டுப் போறாங்க, குலுக்கற குலுக்குல இடுப்பு ஒரு வழி ஆயிடும், ஆனா வாசல்ல எறங்கினா தரை சமமா இருக்கு, நேரா உள்ள நடந்துடலாம். நீளம் 200 மீட்டர்தான், சுவர் உயரம் 120 அடி இருக்கும். மார்ச் கடைசியிலேருந்து அக்டோபர் ஆரம்பம் வரைக்கும் உச்சி வெயில் நேரத்துல சூரியன் மேல இருக்கற ஒடுக்கம் வழியா எறங்கி தரையில விழும், அந்த வெளிச்சத்துக்குத்தான் அவ்வளவு பேரு. பார்த்தோம். தூசி பறக்கும்போது அது தூண் மாதிரி நிக்கறது தெரியும், தூசி அடங்கினா மறைஞ்சிடும். எல்லாரும் கைய நீட்டி அதுக்குள்ள வச்சுப் பார்த்தாங்க, அம்மாவும்.

ஆனா எனக்கு அந்தத் தூண விட மத்த இடத்து வெளிச்சம்தான் பிடிச்சுச்சு. வெயில் நேரடியா உள்ள வர்றது ரொம்பக் கொஞ்சம், மீதி எல்லாம் ஒரு சுவர்ல பட்டு இன்னொரு சுவருக்குப் போய் அங்கேருந்து இன்னொண்ணுக்குப் போய் கீழ வர்ற வெளிச்சம். செவப்புப் பாறையில படப் பட செவப்பு கூடுது, அதனால மேல வெளிறின மஞ்சளா இருக்கறது நடுவுல ஆரஞ்சாகி, கீழ வரும்போது பழுத்த செவப்பா நிக்குது. வெயில் எட்டவே எட்டாத மூலையில வானத்து நீலம் மட்டும் கொஞ்சம் எறங்கும், அந்த இடம் ஊதாவாத் தெரியும். ஒரே பாறை, ஒரே செவப்புத் துரு, ஆனா நீங்க நாலு அடி நடந்தா வேற கலர், மேகம் ஒண்ணு சூரியன மறைச்சா மொத்தமும் வேற. இந்த ஹேண்ட்போன் கேமரா இருக்கே, அது தன் இஷ்டத்துக்கு ஊதாவையும் ஆரஞ்சையும் கூட்டிக் காட்டுது, கைடுங்களும் எந்த செட்டிங் வச்சா படம் நல்லா வரும்னு சொல்லிக் குடுக்கறாங்க, படம் அள்ளிட்டு வரும். கண்ணால பார்க்கறது அதவிட அடங்கின கலர், எனக்கு அதுதான் அழகு. ஒரு சுற்றுல நிக்கறதுக்கு நேரம் கொஞ்சம்தான் குடுப்பாங்க, பின்னாடி அடுத்த குரூப் வந்துட்டே இருக்கும், அதுல பாதிய ஸ்க்ரீனப் பார்த்தே கழிச்சா அவ்வளவு தூரம் போனது வீண்னு நினைக்கறேன். நான் கொஞ்ச நேரம் போன பாக்கெட்ல போட்டுட்டு கழுத்து வலிக்கற வரைக்கும் மேலயே பார்த்துட்டு நின்னேன்.

அப்பருக்கு நவாஹோ மொழியில பாறை வழியா தண்ணி ஓடற இடம்னு அர்த்தம் வர்ற பேர். அங்க உள்ள பெரியவங்க இதுக்குள்ள நுழையறதுக்கு முன்னாடி ஒரு நிமிஷம் நின்னு மனச அடக்கிட்டுத்தான் போவாங்களாம். எங்கள கூட்டிட்டுப் போன கைடு ஐயா அத சொல்லிட்டு, வாசல்ல எல்லாரையும் பேச்ச நிறுத்தச் சொல்லி கொஞ்சம் நிக்க வச்சார். அம்மா தானா செருப்பக் கழட்டப் போனாங்க, அவர் மணல் சுடும்மா வேண்டாம்னு கையக் காட்டினார். அவங்க ஆட்கள்தான் கைடு, அவங்க ஆட்கள்தான் டிக்கெட் ஆபிஸ், 1997லேருந்து இது நவாஹோ மக்களோட பூங்கா. அவங்க நிலம், அவங்க தண்ணி, எப்போ எறங்கலாம் எப்போ எறங்கக் கூடாதுன்னு அவங்க சொல்றதுதான் சட்டம், அப்படித்தான் இருக்கணும்.

இதே மாதிரி பாறை இடுக்கு அந்தப் பக்கம் இது ஒண்ணு மட்டும் இல்ல. க்ளென் கேன்யன் அணையோட கதவ 1963ல மூடி தண்ணி தேக்க ஆரம்பிச்சப்போ, கொலராடோ ஆத்துக்கு ரெண்டு பக்கமும் இருந்த எத்தனையோ பக்கவாட்டுக் கேன்யன் பவல் ஏரிக்குள்ள முங்கிப் போச்சு. 2022, 2023ல பல வருஷ வறட்சியில ஏரி ரொம்பக் கீழ எறங்கினப்போ அதுல சிலது திரும்ப வெளிய வந்துச்சு, சுவர்ல வெள்ளையா தண்ணி நின்ன கறையோட. அந்த வெள்ளைக் கறைய அணைப் பக்கம் நின்னு நாங்களும் பார்த்தோம். ஏரி அழகாத்தான் இருக்கு, இருந்தாலும் உள்ள என்னென்ன கிடக்கோன்னு நினைச்சா எனக்கு மனசு ஆறல.

போகப் போறவங்களுக்கு சில விஷயம். அமெரிக்கா விசா நேர்காணலுக்கு கோலாலம்பூர் போகணும், பினாங்குக்காரங்க அதுக்கு ஒரு பயணம் கணக்குல வச்சுக்கங்க. கேன்யன் டிக்கெட்ட முன்கூட்டியே எடுக்கணும், உச்சி வெயில் நேரத்து அப்பர் டிக்கெட்டுதான் விலை கூட, சீக்கிரம் முடிஞ்சும் போயிடும். கைப்பை, ட்ரைபாட், செல்ஃபி ஸ்டிக் எதுவும் உள்ள விட மாட்டாங்க, தண்ணி பாட்டில் மட்டும் கையில வச்சுக்கங்க. கண்ணுக்கு கான்டாக்ட் லென்ஸ் போடறவங்க அன்னைக்கு மூக்குக்கண்ணாடி போட்டுட்டுப் போங்க, மேலேருந்து மணல் கொட்டிட்டே இருக்கும், வெளிய வந்து பல்லக் கடிச்சா நறநறன்னு இருந்துச்சு. வயசானவங்கள கூட்டிட்டுப் போனா அப்பர்தான் சரி, லோவர் ஏணிய முட்டி தாங்காது. ஆனா அப்பர்லயும் ஒண்ணு தெரிஞ்சுக்கங்க, உள்ள நடை சமதரைதான், திரும்பி வர்றது கேன்யன் வழியா இல்ல, வெளிய பாறை மேல சுத்தி சரிவும் இரும்புப் படியுமா ஒரு பாதை, வெயில்ல. அம்மா நின்னு நின்னுதான் ஏறினாங்க, கைடு ஐயா கடைசி வரைக்கும் அவங்க கூடவே வந்தார்.

ஜூலை, ஆகஸ்ட், செப்டம்பர் அங்க இடி மழைக் காலம். அந்த மாசத்துல போறதா இருந்தா பேஜ்ல ஒரு ராத்திரி கூடுதலா ரூம் போட்டு வைங்க, ரத்து பண்ணினா பணம் திரும்ப வருமா, இல்ல வேற நாளைக்கு மாத்துவாங்களான்னு டிக்கெட் எடுக்கும்போதே படிச்சுப் பாருங்க. வானம் நீலமா இருக்கும்போது இன்னைக்கு இல்லன்னு சொன்னாங்கன்னா, சண்டை போடாம தெற்குப் பக்கம் திரும்பிப் பாருங்க.